ஒத்தாசை மில்லு

எனக்குக் குரல் பெரிசு. நான் வீட்டு வாசலில் நின்று பேசினால் ஆகாயகங்கை அருவியில் குளிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். காது கேட்காத மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் அவர்களுக்கும் தொண்டை பெருத்துவிடும். குழம்பில் உப்புப் போதுமா என்று அவரிடம் நான் கேட்டால், நாலு வீடு தள்ளியிருக்கும் என் சின்னம்மா, "அவனுக்கு எப்பவுமே கொஞ்சம் தூக்கலாத்தான் வேணும் கண்ணு" என்று அங்கிருந்தே பதில் சொல்லும்.

என் வீட்டுக்காரர் பிறவியில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில், தேனீ எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற ஆள். பிறகு போர் வண்டிக்குப் போனார். சண்டைக்குப் போகிற போர் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற லாரி. வண்டி மேலேயே தூக்கம், வண்டி நிழலிலேயே சமையல், நாள் முழுக்கக் கம்ப்ரசர் சத்தம், பாறையைப் பொடியாக்கி மேலே ஊதுகிற தூசி. இரண்டு சீசன் போனார். திரும்பி வந்தபோது ஒரு காது முழுசாகப் போயிருந்தது, இன்னொன்று பாதி. இருமல் கூடவே வந்திருந்தது. அழைத்துக்கொண்டு போன ஏஜென்ட், "கொஞ்ச நாள்ல சரியாப் போயிருமுங்க" என்றான். சரியாகவில்லை.

அதனால் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வாக்கில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் தம்பி போர் வண்டி ஏறக் கூடாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக எனக்கு மாதச் சம்பளம் வந்தது. எங்கள் ஊரில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான்; அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தச் சம்பளத்தில் அவனை ப்ளஸ் டூ வரை படிக்க வைத்தேன். படித்து முடித்தவன் நாமக்கல் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வந்து, ரோட்டுப் பிரிவில் இருக்கும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

படித்த பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை என்று பெரியவர்கள் திட்டினார்கள். அது பொய். களை வெட்டக் கூப்பிட்டால் போனார்கள். மிளகு பறிக்க மரம் ஏறினார்கள். குச்சிக்கிழங்கு மூட்டையைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ஆனால் அதையெல்லாம் வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை என்றால் எங்களுக்கு மலைக்குக் கீழே இருப்பது. மேலே செய்வதற்குப் பெயர் ஒத்தாசை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; பெரக்கரை நாட்டில் ஒரு மூலையில் எங்கள் ஊர். ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். மூன்றாவது ஆளே கிடையாது. உன் காட்டில் இன்றைக்கு நான் நின்றால் என் காட்டில் இன்னொரு நாள் நீ வந்து நிற்பாய். நடுவில் சோறு போடலாம், களி போடலாம், கோழி அடித்துக் குழம்பு வைக்கலாம். காசு மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், "என்னை வெளியாளுன்னு நெனச்சுட்டயா?" என்று முகம் சிவந்து போகும். கூலி கொடுப்பது எங்கள் ஊரில் ஒருவனை உறவை விட்டுத் தள்ளுகிற காரியம். எனக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் போர் வண்டி ஏஜென்ட் மேலே வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, வாயில் பாக்கு. பாலத்துக் கட்டையில் இருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஏனுங்க அம்மிணி, பையன் சும்மாதானே இருக்கான். நம்ம வண்டிக்குத் தாட்டி உடுங்க. வருசம் முடிஞ்சு வாரப்ப கை நெறையக் காசோட வருவான்."

எனக்கு நல்லா வாயில் வந்தது. "எங்க ஊட்டுல ஒரு செவுடு போதுமுங்க. மலைய உட்டு எறங்குங்க மொதல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் அவனுடைய வாயசைவைப் பார்த்தே ஆள் யாரென்று புரிந்துகொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். மறு வருஷமும் வருவான் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் எனக்குக் கையில் இருந்தது.

பேளுக்குறிச்சிச் சந்தையில் எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் மிளகை வாங்குகிற பாய் ஒருவர் இருந்தார். மளிகைக் கடையும் வைத்திருந்தார். கடுகும் சீரகமும் வாங்கப் போனபோது, அவர் "நல்லாருக்கீங்களாம்மா" என்று கேட்டதுதான் தாமதம், ஏஜென்ட் வந்த கதையை எல்லாம் கொட்டிவிட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. பாய் பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"என் மச்சான் ராசிபுரத்துல மில்ல மூடிட்டாரும்மா. உமி எடுக்கற ஹல்லர் மெஷின் ஒண்ணு, ஆயில் என்ஜின் ஒண்ணு சும்மா துருப்புடிச்சுக் கெடக்குது. உங்க ஊர்ல சாமையெல்லாம் இன்னும் ஒரல்ல தானே குத்துறீங்க?"

"ஆமாங்க பாய். கையெல்லாம் காப்புக் காச்சுக் கெடக்கு."

"எடுத்துட்டுப் போங்க. பசங்க ஓட்டட்டும். பொழைக்கட்டும் மொதல்ல, மத்தது பொறவு பாத்துக்கலாம்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சாமை குத்துவது எப்படிப்பட்ட வதை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். உமி லேசில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போகும். புள்ளத்தாச்சியும் குத்துவாள், காய்ச்சல்காரியும் குத்துவாள். அந்த வேலை பெண்களுக்கு ஒழியும், பாலத்துக் கட்டையில் இருப்பவர்களுக்கு ஒரு பிழைப்பு வரும். இதைவிட நல்லது என்ன இருக்க முடியும்? பஸ்ஸில் மேலே வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு இந்தக் கணக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது. வழக்கமாக வாந்தி எடுப்பேன், அன்றைக்கு அதுகூட இல்லை.

ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு மாமன் முறை. நல்ல மனிதர், ஊருக்கு ஒன்றென்றால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுகிறவர். அவர் சொன்னார், "நம்ம புள்ளைங்க நம்ம கண்ணு முன்னாடி பொழைக்கறதுன்னா அதுக்கு மேல என்னங்கம்மிணி வேணும்? செய்யலாம்." மறுத்து ஒருவர்கூடப் பேசவில்லை. மில்லை நடத்த மூன்று பேர் என்று முடிவானது. என் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருந்த என் பெரியப்பா மகன், அவனுக்கு என்ஜின் தெரியும். பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருந்த ஊர்க்கவுண்டர் மகள். குத்தின அரிசியைப் புடைத்துப் பிரிக்க, யாருக்கு எப்போது முறை என்று சொல்ல, ஒரு கறாரான ஆள் வேண்டும் என்று அவளைச் சேர்த்தேன். என் தம்பி அந்தப் பெயரைக் கேட்டதும் தரையைப் பார்த்தான். அவன் மனசு எனக்குத் தெரியாததா? முறைப்பெண்தானே, நடக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

மில்லுக்குக் கொட்டகை போட கீழேயிருந்து கொத்தனாரைக் கூட்டி வரலாம், கூலியை என் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது ஊர்க்கவுண்டர் முகம் மாறிவிட்டது. "நம்ம ஊரு மில்லுக்கு நாம கூலியாளு வெப்பமா?" என்றார். அவ்வளவுதான். ஊரே திரண்டு வந்தது. கல் சுமந்தார்கள், மண் மிதித்தார்கள், மூங்கில் வெட்டினார்கள், கூரை வேய்ந்தார்கள். கிழங்கு ஏற்றிப் போன லாரி திரும்பும்போது மெஷினைக் கொண்டு வந்து ரோட்டில் இறக்கியது. அங்கிருந்து ஊருக்கு வண்டிப் பாதை கிடையாது. மூங்கில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து, "ஐலசா" போட்டுத் தூக்கி வந்தார்கள். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார். விடுங்கள் என்று நான் கத்தினேன், கேட்கவில்லை. கேட்காதது காதினால் மட்டும் இல்லை. அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் நாள் பொங்கல் வைத்து என்ஜினுக்கு மாலை போட்டோம். என் பெரியப்பா மகன் கைப்பிடியைச் சுற்றினான். புகை கக்கி, இருமி, பிறகு ஓட ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். முதல் மூட்டை என் சித்தப்பாவுடையது. குத்தின சாமை வெள்ளையாக வந்து விழுந்தபோது அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். பிறகு மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சாமி, உங்க காட்டுல வேலி கட்டறப்ப ஒரு கொரலு குடுங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஒரு பலாப்பழத்தைக் கொண்டு வந்து கொட்டகையில் வைத்தார். முழுப் பழம், நல்ல பழம்.

முதல் ஆள், சித்தப்பா வேறு, போகட்டும் என்று இருந்தேன். இரண்டாவது ஆள் என் சின்னம்மா. மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரருக்கு மாமன். அப்படியே போயிற்று. கொட்டகையில் பலாப்பழம் குவிந்தது. வாழைத்தார் வந்தது, தேன் வந்தது, ஒருவர் கோழியைக் காலைக் கட்டி வைத்துவிட்டுப் போனார். டீசல் தீர்ந்துவிட்டது என்றால், யாராவது கீழே போகிறவர் கேனில் வாங்கி வந்து வைத்துவிடுவார். யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் போட்டுப் படுத்துகிறது. என்ஜினுக்கு டீசல் கிடைத்தது, பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சோறு கிடைத்தது. கூலி மட்டும் கிடைக்கவில்லை.

"சித்தப்பாகிட்டயாவது வாயத் தொறந்து கேளுடா" என்று தம்பியிடம் சொன்னேன்.

"எப்புடிக்கா கேக்கறது? இந்தக் கொட்டாய்க்கு மண்ணு மிதிச்சவரு அவரு. அவருகிட்டப் போயிக் கூலி குடுன்னா, நாளைக்கு அவரு மண்ணு மிதிச்சதுக்குக் கேட்டா?"

"கேக்க மாட்டாருடா."

"அதான் நானும் கேக்க மாட்டேன்."

இன்னொரு கூட்டம் போட்டேன். படிக்கு இவ்வளவு என்று வைப்போம், பிள்ளைகள் கையில் நாலு காசு வேண்டாமா என்று தொண்டை கிழியப் பேசினேன். "நாயந்தானுங்க", "குடுக்கோணுமுங்க", "ஆமாங்க" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மனசாரத்தான் ஆட்டினார்கள். மறுநாள் ஒருவர் இரண்டு வாழைத்தார் கொண்டு வந்தார். அதற்கு முன்னால் ஒன்றுதான் கொண்டு வருவார்.

எடப்புளி நாட்டுப் பக்கமிருந்தும் சிலர் சாமை கொண்டு வந்தார்கள். அப்பாடா, வெளியாட்கள் என்று எனக்கு உயிர் வந்தது. பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொடுத்த இடம். சம்பந்தி வீடு. பங்காளியிடமே கேட்க முடியாதவர்கள் சம்பந்தியிடம் கேட்பார்களா? அவர்களுக்குக் காப்பி வைத்துக் கொடுத்து, குத்தின மூட்டையை ரோடு வரை சுமந்து போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்கள் இந்தப் பிள்ளைகள். தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, நானே வழக்கத்தை ஆரம்பித்து வைக்கிறேன் என்று ஒரு நாள் சம்பளப் பணத்திலிருந்து சில நோட்டுகளை எடுத்துக்கொண்டு, கொட்டகையில் நாலு பேர் இருக்கும்போது போய், என் சாமையைக் குத்தி வாங்கிக்கொண்டு, தம்பி கையில் கூலி என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நோட்டு கீழே விழுந்தது. "அக்காகிட்டக் கூலி வாங்கித் திங்கறவன்னு பேரு வாங்கிக் குடுக்கப் பாக்கறயா?" என்றான். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நான் குனிந்து நோட்டைப் பொறுக்கியபோது ஊர்க்கவுண்டர் மகள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நோட்டில் ஒட்டிய உமியைத் தட்டிக் கொடுத்தாள். அந்த நோட்டுகளை வீட்டில் தகரப் பெட்டிக்குள் ஒரு துணியில் முடிந்து வைத்தேன். செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

கைக்குக் கை கொடுப்பதுதானே கூச்சம், யார் போட்டது என்று தெரியாமல் போடட்டும் என்று அடுத்து ஒரு யோசனை வந்தது. பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு, என்ஜின் பக்கத்தில் சுவரில் மாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அட கடவுளே, காசு விழுந்தது! சில்லறை, நோட்டு, எல்லாம். டப்பா கனத்தது. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், டப்பாவுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறது. கீழே ஒரு சூடம் எரிகிறது. என்ஜினைச் சாமியாக்கி, டப்பாவை உண்டியலாக்கிவிட்டார்கள் எங்கள் ஆட்கள். புள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முடிந்து போட்டார்கள். மிளகு நன்றாகக் காய்த்தால் போட்டார்கள். மகமாயி நோன்புக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் வந்து, பயபக்தியோடு டப்பாவைத் திறந்து, காசைக் கோயிலுக்கு எடுத்துப் போனார். "சாமி காசுங்கம்மிணி, இதத் தொடலாமா?" என்று என்னிடமே கேட்டார். தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை அந்த என்ஜினுக்குப் பொட்டு வைக்கிறார்கள். ஓட்டத்தான் ஆள் இல்லை.

பாய் ஒரு வழி பார்த்தார். குத்தின சாமையைச் சந்தைக்குக் கொண்டு வரச் சொன்னார், கீழே உள்ளவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள், அதில் உறவு இல்லை. தம்பியும் அந்தப் பெண்ணும் புடைத்துப் பொறுக்கி, கல் இல்லாமல் ஒரு மூட்டை கட்டினார்கள். பாய் தன் கடை முன்னால், மிளகுக்கும் கடுகுக்கும் நடுவில், கண்ணில் படுகிற மாதிரி அதைப் பரப்பி வைத்தார். வந்தவர்கள் விரலால் கிளறிப் பார்த்து, "இதென்னங்க, குருவிக்குப் போடறதுங்களா?" என்றார்கள். ஒரு அம்மா மட்டும் கால் படி வாங்கியது, வீட்டில் உண்மையிலேயே காதல் பறவை வளர்க்கிறதாம். மிச்சத்தைப் பாய் தானே எடுத்துக்கொண்டு, நல்லா விற்றுப் போய்விட்டது என்று காசு கொடுக்க வந்தார். மூட்டை அவர் கடைக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்பதை என் தம்பி பார்த்துவிட்டான். "வேண்டாமுங்க பாய்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். மெஷினுக்கே அவர் இதுவரை ஒரு பைசா கேட்டதில்லை.

பெரியப்பா மகன்தான் முதலில் போனான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சேர்ந்துகொண்டான். அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். போகிறதற்கு முன்னால் என்ஜினை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதன் பிறகு மில்லில் இரண்டு பேர். தம்பி காலையில் குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, ஆபீஸுக்குப் போகிறவன் மாதிரிக் கிளம்புவான். பாலத்துக் கட்டைப் பக்கம் அவன் போகவே இல்லை. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும். கையில் காசு இல்லாவிட்டால் என்ன, வேலைக்குப் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

தை பிறந்ததும், வெற்றிலை பாக்கு, தேங்காய் வாழைப்பழத்தோடு ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார். தட்டை வாங்கி வைத்து, பாய் விரித்து உட்கார வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் ரொம்ப நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"பையன் தங்கமான பையனுங்கம்மிணி. நாங் கையில தூக்கி வளத்தவன். ஆனா வேலவெட்டி இல்லாம சும்மா இருக்கறவனுக்கு எப்புடிப் பொண்ணக் குடுக்கறது?"

எனக்குக் காது அடைத்தது. "சும்மாவா? மாமா, மில்லுல யாருங்க நிக்கறது? உங்க ஊட்டுச் சாமையக் குத்துனது யாருங்க?"

"அது ஒத்தாசைங்கம்மிணி" என்றார். குத்திக் காட்டவில்லை, கேலி இல்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். "ஊருக்கு ஒத்தாசையா இருக்கான், நல்ல பேரு. நாளைக்குப் பொண்டாட்டி புள்ளைன்னு ஆனா அதுக்கு ஒரு வேலை வேணுமில்லீங்க?"

மெஷினைத் தூக்க முதல் தோள் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கொட்டகையின் நடுக் கம்பம் அவர் காட்டு மூங்கில். அந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை. உள்ளே அந்தப் பெண் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது, கொஞ்சம் பலமாக வைத்தாள். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டார். அந்த ஒரு தடவைதான் என்னால் கத்திச் சொல்ல முடியவில்லை.

தம்பிக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, எங்கள் ஊரில் எது தங்கும்? மறுநாளும் குளித்து, பட்டை போட்டு, மில்லுக்குப் போனான். கொஞ்ச நாள் போனான். அந்தப் பெண்ணை வீட்டில் மில்லுக்குப் போகவேண்டாம் என்றுவிட்டார்கள். தனியாகவே ஓட்டி, தனியாகவே புடைத்தான். உமித் தூசியோடு வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். ஏதாவது பேசுடா என்றால், "என்னத்தப் பேசக்கா" என்பான்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பார்த்தேன். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளைச் சட்டை.

நான் பேசாத பேச்சில்லை. அழுதேன். காலைப் பிடிக்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரரை இழுத்து வந்து நிறுத்தி, "இவரப் பாருடா, நல்லாப் பாரு" என்றேன். தம்பி பார்த்தான். "மாமாவுக்குக் காதுதானக்கா கேக்கல. அவரு வேலைக்குப் போயிட்டு வந்தவருன்னு ஊர்ல பேரு இருக்குதில்ல" என்றான்.

அவன் போகிற காலையில் ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது. மெஷினைத் தூக்கிய அன்றைக்கு வந்த அதே கூட்டம். என் சித்தப்பா முதலில் வந்தார். இடுப்பிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்து, "வழிச்செலவுக்கு வெச்சுக்க சாமி" என்றார். பிறகு சின்னம்மா. பிறகு மாமன். சாமை குத்த வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஊர்க்கவுண்டர் பெரிய நோட்டாகவே வைத்து, தலையில் கை வைத்து, "மவராசனாப் போயிட்டு வா சாமி" என்றார், கண் கலங்கியது. பொய்க் கலக்கம் இல்லை. சட்டைப் பை புடைத்தது. வைக்க இடமில்லாமல் கையில் திணித்தார்கள்.

"இதத்தானே நான் கேட்டேன்!" என்று கத்தினேன். "இதே காசக் குத்துக் கூலின்னு அந்தக் கையில வெச்சிருந்தா அவன் ஏன் பஸ் ஏறறான்? சொல்லுங்க, ஏன் ஏறறான்?"

எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். என் சித்தப்பாதான் பேசினார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதெப்புடிக் கண்ணு? அது வேற, இது வேற. ஊர உட்டுப் போறவனுக்குக் குடுக்காம இருப்பமா?"

பஸ் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தைத் தம்பியிடம் கொடுத்தார். இலவம் பஞ்சு, சுத்தமாகக் கொட்டை எடுத்தது. தன் காதைத் தொட்டுக் காட்டி, அவன் காதைத் தொட்டுக் காட்டினார். தம்பி தலையாட்டினான்.

நானும் மடியிலிருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்தேன். மில்லில் கீழே விழுந்து நான் பொறுக்கிய அதே நோட்டுகள், உமி வாசம்கூடப் போகாமல் இருந்தன. எதற்கு எடுத்து வந்தேன், தெரியவில்லை. வேண்டாம் என்பான், கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான், சண்டை போடுவான், பஸ் போய்விடும் என்று ஒரு நப்பாசை இருந்ததோ என்னவோ. நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். மற்ற நோட்டுகளோடு சேர்த்துப் பையில் வைத்து, மேலே கையால் அழுத்திவிட்டு, "வாரேங்க்கா" என்று ஏறினான்.

ஜன்னலோரம் உட்கார்ந்தான். டிரைவர் என்ஜினை உறுமவிட்டார். "காதப் பாத்துக்கடா!" என்று கத்தினேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "என்னக்கா?" என்றான்.